ஒட்டகச் சவாரிக்கு ஏலம் விடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அந்தி நேரத்தில் கடற்கரையில் ஒட்டகச் சவாரி, இறங்கியதும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீன்கறியும், கையில் குடிக்க ஏதாவது நாட்டுப் பானம். இதையெல்லாம் ஒரே கட்டணத்தில் சேர்த்து விற்கும் வழக்கம் பல கடற்கரைகளில் பரவி வருகிறது. குமரி மாவட்டத்தில் நீரோடியிலிருந்து முட்டம் வரையுள்ள நம் கரைக்கும் அது வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அனுமதி கொடுக்கும் உள்ளாட்சிகள் குத்தகைத் தொகையை மட்டும் பார்த்து ஏலம் விட்டால் என்னென்ன கோளாறு வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. விலங்கு பராமரிப்பும் கடப்புறத் தொழிலும் தெரிந்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

விளம்பரத்தில் விற்கப்படுவது சூரியன் என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம். கன்னியாகுமரி முனையிலிருந்து முட்டம் வரை கரை ஏறக்குறைய நேர் மேற்காக ஓடுகிறது. மே, ஜூன், ஜூலை மாதங்களில் சூரியன் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி இறங்கும். அப்போது முனையிலிருந்து பார்த்தால் அது கடலில் விழாது, கரைப்பக்கத் தென்னைகளுக்குப் பின்னால்தான் மறையும். கோடை விடுமுறையில் 'கடலில் அஸ்தமனம்' என்று பணம் கட்டியவர்கள் சண்டைக்கு வருவது இதனால்தான். குளச்சல், தேங்காப்பட்டணம், நீரோடி, கேரள எல்லைக்கு அப்பால் பொழியூர், பூவாறு என்று போகும் கரை தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் கடலில்தான் இறங்கும். நேரமும் ஒரே மாதிரி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் 6 மணிக்குச் சற்று முன்பே மறைந்துவிடும், பிப்ரவரி நடுவில் 6.30ஐ ஒட்டி, ஜூலையில் 6.40 தாண்டி. 'மாலை 5.30 முதல்' என்று வருஷம் முழுக்க ஒரே பலகையைத் தொங்கவிடுவது சரிப்படாது.

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. அந்திச் சவாரி என்றால் சூரியன் மறையும்போது ஒட்டகத்தின் மேல் இருப்பது என்று நினைக்கிறார்கள். சூரியன் மறைவதற்குப் பத்து நிமிஷம் முன்பே எல்லோரும் இறங்கிவிட வேண்டும். நம் பக்கம் அந்தி வெளிச்சம் நீண்டு நிற்பதில்லை, இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் மணலில் கிடக்கும் கயிறு கண்ணுக்குத் தெரியாது. இறங்கும் கட்டம்தான் சவாரியிலேயே ஆபத்தானது. அதை அரை இருட்டில் செய்யக் கூடாது. சூரியனைப் பாயில் உட்கார்ந்து பார்க்கட்டும், புகைப்படமும் நன்றாக வரும்.

ஒட்டகம் எழுவதும் உட்காருவதும் மாட்டையோ குதிரையையோ போல இல்லை. மடங்கிய கால்களோடு மார்பில் இருக்கும் கெட்டியான காய்ப்பு மேல் பாரம் போட்டுப் படுத்திருக்கும். எழும்போது முன் முழங்காலைச் சற்று ஊன்றிக்கொண்டு, பின்னங்கால்களை ஒரே வீச்சில் நிமிர்த்தும். அந்த ஒரு நொடியில் மேலே இருப்பவர் தலைகுப்புற முன்னால் தள்ளப்படுவார். உடனே முன்னங்கால்கள் நிமிரும், இப்போது பின்னால் தூக்கி எறியும். ஆகவே எழும்போது முதலில் நன்றாகப் பின்னுக்குச் சாய வேண்டும், அடுத்த உலுக்கலில் முன்னுக்கு வர வேண்டும். உட்காரும்போது முன் முழங்கால்தான் முதலில் மடியும், ஆகவே மறுபடியும் பின்னுக்குச் சாய்வு. விழுபவர்களில் அதிகம் பேர் இந்த இரண்டாவது தடவையில்தான் விழுகிறார்கள். சவாரி முடிந்துவிட்டது என்று ஒரு கையைப் பிடியிலிருந்து எடுத்துப் போனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஏற்றுவதற்கு முன் தரையில் நிறுத்தி வைத்து, பிடியைக் காட்டி, 'எழும்பும்போ பின்னாலே, இருக்கும்போ பின்னாலே' என்று இரண்டு தடவை சொல்ல வைத்தாலே பாதி விபத்து குறையும். குழந்தை பெரியவருக்கு முன்னால் உட்கார வேண்டும், பின்னால் அல்ல. வேட்டி கட்டியவர்கள் தார்பாய்ச்சிக் கொள்ளட்டும். சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகாமல் ஏற்றவே கூடாது, சேணத்தின் கம்பியில் மாட்டும். கர்ப்பிணிகளுக்கும் இடுப்பு வட்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தச் சவாரியே வேண்டாம்.

நேரத்தை மிச்சப்படுத்த, நிற்கும் ஒட்டகத்தின் பக்கத்தில் உயரமான ஏணி வைத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. ஒரு மாலையில் பலமுறை படுத்து எழுவதால் முழங்காலுக்கு வரும் தேய்மானம் அதில் குறையும் என்பது உண்மை. ஆனால் ஏணியை மணலில் சும்மா ஊன்றினால் ஒரு பக்கம் புதையும். அகலமான பலகை அடியில் வேண்டும், ஒட்டகத்தின் முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும், ஏணியை ஓர் ஆள் பிடிக்க வேண்டும். இரண்டு ஆள் இல்லாத இடத்தில் ஏணியே வேண்டாம்.

பாரத்துக்கு வருவோம். சுமை விலங்குகள் பற்றிய 1965ஆம் ஆண்டு மத்திய விதிகளில் ஒட்டகத்தின் முதுகில் ஏற்றக்கூடிய உச்ச அளவு 250 கிலோ. இரும்புச் சட்டமும் பஞ்சுத் திண்டும் சேர்ந்த இரட்டைச் சேணம் 35, 40 கிலோ வரும். எழுபத்தைந்து கிலோ பெரியவர் இருவர் என்றால் மொத்தம் 190, தாங்கும். மூன்றாவது பெரியவர் ஏறியதும் 265. 'மூணு பேர் போலாம், ஒரே ரேட்' என்பது அங்கேயே விதியை மீறிவிடுகிறது. அதே விதிகளில் ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளி இல்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வெயில் 37 டிகிரி தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை கூடாது என்றும் இருக்கிறது. குமரிக் கரையில் 37 டிகிரி அபூர்வம். நம் ஊரில் தொல்லை வெப்பத்தைவிட ஈரக் காற்றுதான். ஒட்டகம் வறண்ட காற்றுக்குப் பழகிய உடம்பு. இங்கே வியர்வை சீக்கிரம் உலராது, சேணத்தின் திண்டும் காயாது, ஈரத் திண்டு உராய்ந்து திமிலின் இரு பக்கமும் தோல் வெந்து புண்ணாகும். திண்டை ஒவ்வொரு நாளும் கழற்றி வெயிலில் போட வேண்டும், இரண்டு செட் வைத்து மாற்ற வேண்டும். சேணத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கேட்டால் ஒட்டகக்காரர் தயங்குகிறார் என்றால் காரணம் பெரும்பாலும் இந்தப் புண்தான்.

அடுத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பக்கம் சுற்றுலாப் பருவம் கார்த்திகையில் சபரிமலைக் கூட்டத்தோடு தொடங்கி தை வரை நீளும். ஆண் ஒட்டகத்துக்கு மதம் பிடிக்கும் பருவமும் குளிர்காலம்தான், ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. கூட்டம் அதிகமாக வரும் நாளில் விலங்கு மிகவும் மூர்க்கமாக இருக்கும் என்பது இந்தத் தொழிலின் பொல்லாத பொருத்தம். அடையாளங்கள் தெளிவானவை. வாயோரத்தில் இளஞ்சிவப்பான பலூன் போன்ற சதை வெளியே தொங்கும், கூடவே தண்ணீர் கொதிப்பது போல ஒரு களகளச் சத்தம். வாயெல்லாம் நுரை. பிடரியின் மேற்புறத்தில், காதுகளுக்குப் பின்னால், கருப்பாகக் கசிந்து நாற்றமடிக்கும். சிறுநீரை வாலால் அடித்து முதுகில் தெளித்துக்கொள்ளும். பல்லை நெறிக்கும், தீனி குறையும். கடித்தால் கை எலும்பு மிஞ்சாது. அந்தச் சதையைப் பார்த்து 'நாக்கை நீட்டுது' என்று குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் அந்த விலங்கு அன்றைக்குச் சவாரிக்கு வரக் கூடாது. பெண் ஒட்டகங்களையோ, கால்நடை மருத்துவர் காயடித்த ஆணையோ மட்டும்தான் கடற்கரையில் அனுமதிப்போம் என்று நிபந்தனை போட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

மூக்கில் குத்திய ஆணியோடு கட்டிய மெல்லிய கயிற்றைப் பிடித்துத்தான் வழக்கமாக நடத்துகிறார்கள். அதை இழுத்தால் மூக்குத் துளை கிழியும். தலைக்கட்டுக் கயிற்றில் நடக்கப் பழகிய ஒட்டகம் மேல். இரண்டை வரிசையாகக் கட்டினால், பின்னால் வருவதன் கயிற்றுக்கும் முன் சேணத்துக்கும் நடுவே ஒரு சாண் பருத்தி நூலாகவே இருக்கட்டும். பட்டாசுச் சத்தத்திலோ நாய் குரைப்பிலோ ஒன்று மிரண்டால் நூல் அறுந்துபோகும், மூக்கு தப்பும், இரண்டாவது விலங்கும் இழுபட்டு விழாது. கோயில் கொடை, தேவாலயத் திருவிழா நாட்களில் வெடி உண்டு என்று தெரிந்தால் அன்று சவாரியை நிறுத்துவதே முறை. டிரோன் பறக்கவிட்டுக் கல்யாண வீடியோ எடுப்பவர்களையும் தூர நிறுத்த வேண்டும்.

பாதை. ஒட்டகத்தின் பாதம் குளம்பு அல்ல, மெத்தை போன்ற தோல் திண்டு. உலர் மணலில் விரிந்து புதையாமல் நடக்கும். ஈரச் சேற்றிலும் பாசி படிந்த பாறையிலும் வழுக்கி இரண்டு கால் இரண்டு பக்கம் போய்விடும். இடுப்பு பிளந்த ஒட்டகம் பிறகு எழுவது கடினம். ஆகவே பொழி முகத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. பூவாற்றில் நெய்யாறும் தேங்காப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் கடலில் சேருமிடத்தில் மணல்திட்டு ஒரு நாள் கெட்டியாக இருக்கும், மறுநாள் அடியில் தண்ணீர் ஊறிக் குழைந்திருக்கும். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கடப்புறத்தில் தூண்டில் முள், வலைத்துண்டு, பாட்டில் சில்லு கிடக்கும். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை பாதை முழுக்க நடந்து பொறுக்கிவிட்டு, கொடி நட்டு எல்லை காட்ட வேண்டும். கரமடி வலையைக் கரையிலிருந்து இழுக்கும் நேரத்தில் இருபுறமும் கயிறு மணலில் நீளமாகக் கிடக்கும், திடீரென்று இறுகி எழும்பும். மடி இழுக்கிறவர்களுக்கு அந்தக் கரையில் முதல் உரிமை. சவாரிக்காரர் ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை, பாதுகாப்பும் அதுவே. ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமை முட்டையிட வரும் இடங்களில் மேல்மணலை விட்டுவிட வேண்டும்.

கள்ளக்கடல் பற்றி நம் கரையில் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கோ தென்கோடிக் கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுக்கப்பட்டு இறந்தபோதும் கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. கடல்நிலையை முன்னறிவிக்கும், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்ட நாளில் சவாரி கிடையாது, பணம் திருப்பித் தரப்படும் என்று சீட்டிலேயே அச்சிட வேண்டும். பணம் திரும்பாது என்றால் ஒட்டகக்காரரும் நிறுத்தமாட்டார், வந்தவரும் கேட்கமாட்டார்.

இனி சாப்பாடு. ஒட்டகமும் அடுப்பும் ஒரே இடத்தில் இருப்பதால் வரும் தொல்லைகள் தனி ரகம். மரச்சீனி தோலில் சயனைடு சத்து இருக்கிறது. தழையைத் தின்று ஆடு செத்த கதை குமரியில் வீட்டுக்கு வீடு தெரியும். கடைக்குப் பின்னால் கொட்டிய தோல் குவியலில் ஒட்டகம் கழுத்தை நீட்டினால் ஐந்து நிமிஷத்தில் தேவைக்கு மேல் தின்றுவிடும். கழுத்து எவ்வளவு தூரம் எட்டும் என்பதைப் புதிதாக ஒட்டகம் கட்டியவர்கள் எப்போதும் குறைத்தே கணக்கிடுகிறார்கள். தோல், மீன் கழிவு, மிச்சச் சோறு எல்லாம் மூடியுள்ள தொட்டியில்தான் விழ வேண்டும். மிச்சச் சோறும் பிரெட்டும் அன்பாகக் கொடுப்பவையே. ஆனால் அவை அசை வயிற்றில் புளித்துப் படுக்கையில் போட்டுவிடும். ரிசார்ட்டுகள் அழகுக்காக நடும் அரளி இன்னும் மோசம், சில இலைகளே போதும். கட்டுமிடத்தைச் சுற்றி அரளி இருந்தால் வெட்டியாக வேண்டும். சரியான தீனி நாளொன்றுக்கு எட்டுப் பத்து கிலோ உலர் தீவனம். கடலைக்கொடி நல்லது, கூட வேம்பு, அகத்தித் தழை. வைக்கோல் மட்டும் போதாது. தண்ணீர் 30, 40 லிட்டர். உப்பு மாடுகளைவிட அதிகம் தேவை, தினம் ஒரு கைப்பிடி.

மனிதர் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி), சூரை மீன்கள். காலையில் வந்த மீனை ஐஸ் இல்லாமல் மாலை வரை வைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். நாற்றம் வருவதற்கு முன்பே அது இருக்கும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, தோலில் தடிப்பு எழும்பும். 'மீன் ஒத்துக்கல' என்று சொல்லிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள், கடைக்காரருக்குக் காரணமே தெரியாது. நம் வெயிலுக்கு மீன் ஒரு பங்கு, நொறுக்கிய ஐஸ் ஒரு பங்கு. அந்த ஐஸ் சர்பத் கிளாஸில் விழக் கூடாது. மரச்சீனியைத் தோலுரித்து நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் உப்பும் மஞ்சளும் தேங்காயும் சேர்க்க வேண்டும். அவசரத்தில் வடிக்காமல் வற்றவிட்டால் கசக்கும், வயிற்றையும் புரட்டும். சாளைப் புளிமுளக் கறியோடு இதைப் போட்டால் வெளியூர்க்காரர் ஏழு ஊர் பேசுவார் என்பது வேறு விஷயம்.

வரிசை முக்கியம். சவாரி முதலில், சாப்பாடு பிறகு. ஒட்டகம் ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கி நடப்பதால் மேலே இருப்பவர் படகில் போவது போல் இடமும் வலமும் ஆடுவார். மீன்கறி வயிற்றோடு ஏறினால் பாதி வழியில் வாந்தி. இறங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ ஒரு குழாய் கட்டாயம். ஒட்டகச் சொறி ஆளுக்கும் ஒட்டும்.

பானத்தில்தான் எல்லைச் சிக்கல் வருகிறது. கேரளத்தில் உரிமம் பெற்ற ஷாப்பில் கள் விற்கலாம், தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஒரே கடற்கரை, நடுவில் ஒரு கோடு. அந்தப் பக்கத்தில் வாங்கி இந்தப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுப்பது வழக்கில்தான் முடியும். கள் குடித்தவரை ஒட்டகத்தில் ஏற்றுவது எந்தப் பக்கமானாலும் கூடாது. அக்கானி (பதநீர்) என்று சொல்லி விற்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது அக்கானி, தடவாததில் இறங்குவது கள். விடியற்காலையில் இறக்கிய அக்கானியைக் குளிரூட்டாமல் அந்தி வரை வைத்தால் அதுவும் புளித்துக் கள்ளின் பக்கம் சாயும். பனை பால் கொடுப்பது கோடையை ஒட்டித்தான், டிசம்பரில் 'புது பனை அக்கானி' என்றால் சர்க்கரைத் தண்ணீர்தானா என்று கேளுங்கள். மாலைக்கு ஏற்றது கருப்பட்டிக் காப்பி, சுக்குக் காப்பி, கண் முன்னால் வெட்டிய கருக்கு (இளநீர்). எல்லாம் இங்கேயே கிடைப்பவை. கூட ஒரு மட்டிப்பழமும் முந்திரிக்கொத்தும் வைத்தால் நிறைவு.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு பருவமழையும் விழும் மாவட்டம் இது. ஈரத்தில் சொறி அக்குளிலும் தொடையிடுக்கிலும் தொடங்கிக் கழுத்துக்கு ஏறும். கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் சர்ரா என்ற இரத்த நோயில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும், திமில் வற்றும். அது உள்ளூர் மாடு, நாய்க்கும் தொற்றும் என்பதால், லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஒட்டகத்துக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும். ராஜஸ்தானில் ஒட்டகம் 2014 முதல் மாநில விலங்கு, 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இருந்தவை இரண்டரை லட்சம் மட்டுமே, 2012ஐவிட 37 சதவீதம் குறைவு. அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது உள்ளாட்சியின் பொறுப்பு.

ஏலக் கணக்குக்கு வருவோம். நான்கேகால் மணி முதல் ஐந்தேமுக்கால் மணி வரை சவாரி என்றால் ஒரு சுற்றுக்கு இருபது நிமிஷம், ஒரு ஒட்டகத்துக்கு நான்கு சுற்று, சுற்றுக்கு இரண்டு பேர், மொத்தம் எட்டு டிக்கெட். அதற்கு மேல் நியாயமாக ஓட்ட இடமில்லை. தென்மேற்குப் பருவமழையில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் கடற்கரைப் பக்கமே போக முடியாது, ஆனால் தீனிச் செலவு நிற்காது. இந்த எட்டு டிக்கெட்டில் கட்டுப்படியாகாத தொகைக்கு ஏலம் போனால், குத்தகைக்காரர் மூன்றாவது ஆளை ஏற்றுவார், இருட்டிய பிறகும் ஓட்டுவார், மதம் பிடித்ததையும் இறக்கிவிடுவார். ஆகவே மொத்தத் தொகை ஏலம் வேண்டாம். ஒட்டகத்துக்கு இத்தனை என்று மாதக் கட்டணம், மழை மாதங்களுக்குக் கட்டணமில்லை, நாளொன்றுக்கு எட்டு டிக்கெட் உச்சவரம்பு, சீட்டில் வரிசை எண், வாரம் ஒருமுறை கால்நடை மருத்துவரின் கையெழுத்து என்று வரும் பருவத்துக்கு முன்பே, அதாவது ஐப்பசிக்குள், தீர்மானம் போட்டுவிட வேண்டும் என்று சம்பந்தப்பட்ட உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடற்கரைத் தொழிலிலும் கால்நடைப் பராமரிப்பிலும் உள்ள சிலர்,
கொல்லங்கோடு, குமரி மாவட்டம்.